ஷினானோ: இருபெயர் பூண்ட பேராறு

ஓர் ஆறு இரண்டு பெயர் பூண்டு நடப்பது வியப்பன்று. அவ்விரு பெயர்களும் இருவேறு வாழ்க்கைகளைக் குறித்து நிற்பதே வியப்பு. யப்பான் நாட்டு ஆறுகளுள் நீளத்தால் முதன்மை பெற்ற ஷினானோ அத்தகையது. 367 கிலோமீற்றர் ஓடும் இவ்வாறு, கொபுஷி மலையிலே பிறந்து, நாகானோ மாநிலம் முழுவதும் சிக்குமா எனப்படும். நீகாத்தா மாநிலத்துட் புகுந்த பின்னரே ஷினானோ என்னும் பெயரைப் பெறும். சிக்குமா என்பதை எழுதும் எழுத்துக்கள் 'ஆயிரம் வளைவு' என்று பொருள்படும். அவ்வாறு எழுதியோர் ஆற்றைக் கண்ணாரக் கண்டவரே என்பது என் துணிபு.

மேற்பகுதி மலைநாடு. அங்கே கொமோரோ என்னும் ஊரில் 1899 முதல் 1905 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஷிமசாகி தோசொன். கவிஞராக முன்னரே புகழ் பெற்றிருந்த அவர், அங்குள்ள உழவர் வாழ்வை உற்றுநோக்கி உரைநடையில் வரைந்த 'சிக்குமா ஆற்றுச் சித்திரங்கள்' 1912 இல் நூலாயிற்று. கற்பிக்குந் தொழிலிலே காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு அவர்பால் தனியன்பு உண்டாதல் இயல்பே. செய்யுளினின்று உரைநடைக்கு அவர் திரும்பிய இடமும் அவ்வூரே.

நிற்க. கீழ்ப்பகுதியாகிய எச்சிகோச் சமவெளியின் கதை வேறு. இன்று அரிசிக்குப் பெயர்போன அந்நிலம் முன்னாளிற் சதுப்பாகக் கிடந்தது. உழவர் ஆழ்ந்த சேற்றில் இறங்கி நாற்று நட்டனர். அறுத்த கதிரைப் படகிலேற்றிக் கரைசேர்த்தனர். 1896 யூலையில் யோகோத்தா என்னுமிடத்திலே கரை உடைய, சமவெளியின் பெரும்பகுதி நீருள் ஆழ்ந்தது. வெள்ளத்தை இடைவழியிலேயே கடலுக்குத் திருப்பவேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாள் வேண்டுகோள். 1909 இல் தொடங்கி, குன்றினை அகழ்ந்து, நிலச்சரிவுகளையும் பொறுத்து, ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளமான ஒக்கோசுக் கால்வாயை வெட்டினர். 1922 இல் அதனுள் நீர் பாய்ந்தது.

ஆறோ எளிதில் அடங்கவில்லை. 1927 இல் கால்வாய்த் தலைப்பிலிருந்த அணை, அடிமண் அரிக்கப்பட்டு வீழ்ந்தது. நீரெல்லாம் கால்வாய்வழியே கடலிற் கலக்க, பழைய ஆற்றின் கரையூர்கள் நீரின்றித் தவித்தன. வெள்ளத்துக்கு அஞ்சியவர் வறட்சிக்கும் அஞ்ச நேர்ந்தது. திருத்தப்பணியை முன்னின்று நடத்தியவர், பனாமாக் கால்வாய்ப் பணியிலே பயின்ற பொறியியலாளர் அயோயாமா அக்கிரா. 1931 இல் அப்பணி முற்றியது. அங்கே நாட்டிய நினைவுக்கல்லில் அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. யப்பானிய மொழியோடு, உலகப் பொதுமொழியாக ஆக்கப்பட்ட எஸ்பெராந்தோவிலும் வாசகம் பொறிப்பித்தார். ஒரு நாட்டின் ஆற்றங்கரையிலே உலகத்தாரை நினைந்த அவ்வுள்ளம் போற்றற்குரியது.

கால்வாயின் பயன் பெரிது. வடிகாற் பணிகளும் சேர்ந்து சதுப்பை நல்வயலாக்கின. ஆயினும் பயனுக்கு ஒரு விலையும் உண்டு. மணல்வரத்துக் குறைந்தமையால் நீகாத்தா நகரின் கடற்கரை அரிப்புண்டது. கால்வாயின் முகத்திலோ புதுநிலம் வளர்ந்தது. நகரினுள் ஆறும் குறுகியது. 1886 இல் அமைத்த பந்தாய்ப் பாலத்தின் நீளம் 782 மீற்றர். 1929 இல் கட்டிய இன்றைய பாலத்துக்கு ஏறத்தாழ 307 மீற்றரே போதுமானதாயிற்று. 1964 இன் நிலநடுக்கத்தில் புதிதாகக் கட்டிய ஷோவாப் பாலம் வீழ, இப்பழம்பாலம் நிலைத்து நின்றது.

கீழ்ப்பகுதி காவல் பெற்றதனால் ஆற்றின் சீற்றம் தணிந்ததென எண்ணலாகாது. 2019 ஒக்டோபர் 13 இல், பெரும்புயல் கொணர்ந்த மழையாற் பெருகிய சிக்குமா, நாகானோ நகரின் ஹொயாசுப் பகுதியிலே கரையை உடைத்தது. வீடுகளும் அப்பிள் தோட்டங்களும் சேற்றுள் அமிழ்ந்தன. தரிப்பிடத்திலிருந்த பத்து அதிவேகப் புகையிரதங்களின் 120 பெட்டிகள் நீரில் நின்றன.

கீழூரைக் காத்த கால்வாய் மேலூரைக் காவாது. பெயர் இரண்டாயினும் நீர் ஒன்றே. மலையிற் பெய்யும் மழைக்கு மாநில எல்லை தெரியாது. ஆதலின், ஆற்றைக் காத்தல் ஒருதலைமுறையோடு முடியும் செயலன்று. இருகரையாரும் மேலூராரும் கீழூராரும் ஒருங்கிருந்து, வழிவழியாக ஏற்கவேண்டிய கடனாகும்.