பால் புனிதம், தோல் தீட்டா?

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் இறைச்சி, முட்டை, பால் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். தோல் செருப்பையும் ஒதுக்குகிறார்கள். உயிர்களுக்கு நோவு தரக்கூடாது என்ற அந்த எண்ணத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பறையும் அடிப்பவராக இருந்தால் என்ன செய்வது?

மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்து, மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினால் பறை. நெருப்பில் காய்ச்சினால்தான் அதன் குரல் எழும். இப்போது பைபர் பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம். ஆனால் அது மண்ணில் மக்காத பிளாஸ்டிக். தோலைப் பதப்படுத்திக் கட்டத் தெரிந்த பெரியவரின் கைவேலையும் அதோடு போகிறது. செருப்பிலும் இதே சிக்கல்தான். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதை 1996-ல் உச்சநீதிமன்றமே கண்டித்தது. ஆனால் தோலுக்குப் பதில் வாங்கும் ரெக்சினும் பிளாஸ்டிக்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவதும் தோல் வேலையால்தான்.

பாலுக்கு வருவோம். கன்று போட்டால்தான் மாடு கறக்கும். காளைக்கன்றும் பால் வற்றிய மாடும் பெரும்பாலும் சந்தைக்குத்தான் போகின்றன. பாலைக் குடித்துக்கொண்டே மாட்டிறைச்சியைப் பாவம் என்பவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரே மாட்டின் பாலும் நெய்யும் சாமிக்கு ஆகும். அது செத்தால் இழுத்துப்போட மட்டும் சேரி ஆள் வேண்டும். இது உயிர் இரக்கம் அல்ல, சாதி.

2016-ல் குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளை அள்ள மறுத்தார்கள். சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்பே கொண்டுபோய்ப் போட்டார்கள். செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று 1927-ல் மகாத்தில் அம்பேத்கர் கேட்டதும் சுயமரியாதைக்காகத்தான். திணிக்கப்பட்டதை மறுப்பது விடுதலை. விரும்பி உண்பவரை இழிவுபடுத்துவது அதற்கு நேர் எதிர்.

1956-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில், எல்லா உயிர்களிடத்தும் கருணை என்பதும் ஒன்று. இறைச்சி உண்ணாதே என்று அவற்றில் ஒரு வரியும் இல்லை. கருணையும் தட்டில் இருப்பதும் ஒன்றல்ல என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம்.

அதனால் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வேண்டாம் என்று ஒதுக்குவது உங்கள் உரிமை. ஒதுக்கினால் உடம்பையும் பாருங்கள்: கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, வேர்க்கடலை எல்லாம் நம் காட்டில் விளைபவைதான். ஆனால் சத்துணவு முட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளையிடமும், ஒரு கறவை மாட்டை நம்பிப் பால் சங்கத்தில் பால் ஊற்றும் நிலமற்ற தாயிடமும் உங்கள் விரதத்தைத் திணிக்காதீர்கள். ‘சைவம் மட்டும்’ என்று வாடகை வீட்டுக்குப் போர்டு மாட்டுபவரோடு உங்கள் இரக்கத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

பறை தோலா பைபரா என்பதை அடிப்பவரே முடிவு செய்யட்டும். அதைச் சாவு மேளம் என்று ஒதுக்குவதைத்தான் நாம் ஒருபோதும் ஏற்கமுடியாது.