போத்தல் மூடியிலே ஒரு பொன்னாடை

சிற்பி ஒருவனின் புகழை அவன் செய்த உருவங்களை எண்ணி அளப்பார் சிலர்; அவை விலைபோன தொகையைக் கொண்டு அளப்பார் வேறு சிலர். அவ்வுருவங்கள் எந்த மண்டபத்திலே, எவர் அழைப்பின் பேரில், எந்தப் பெயர்ப் பலகையின் கீழே வைக்கப்பட்டன என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆனால், ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த கலைஞனைப் பொறுத்தவரையில் இந்தக் கடைசி விசாரணையே முதன்மையானது என்பது என் கருத்து. ஒரே பொருள், பழங்குடியினர் பண்பாட்டை விளக்கும் அறையிலே வைக்கப்பட்டால் பெயரற்ற கைவேலை ஆகின்றது. நவீன கலைக்கூடத்திலே வைக்கப்பட்டால் ஒரு மேதையின் படைப்பு ஆகின்றது. பொருளில் மாற்றமில்லை, அது நுழைந்த கதவில்தான் மாற்றம்.

இத்தகைய கதவுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து சென்ற ஒருவரின் கண்காட்சி வரலாற்றை வாசகர்களுக்குக் கூற விரும்புகிறேன். எல் அனற்சுயி என்பது அவர் பெயர். சாராயப் போத்தல்களின் மூடிகளைச் செப்புக் கம்பியால் பிணைத்து, மாளிகை முகப்புகளையே மூடத்தக்க பேராடைகளை ஆக்கியவர் அவர். அவருடைய படைப்புகளை நான் அறிந்தது பெரும்பாலும் புகைப்படங்கள் வாயிலாகவே. ஒரே படைப்பை இரண்டு நகரங்களில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபொழுது, அவை வெவ்வேறு படைப்புகளோ என்று ஐயுறும்படி உருமாறியிருந்தன. அந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

நெசவாளர் குடும்பம்

அனற்சுயி 1944ஆம் ஆண்டில், அந்நாளில் பொற்கரை என வழங்கிய கானா நாட்டிலே, அன்யாக்கோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாருக்கு முப்பத்திரண்டு மக்கள், இவர் கடைக்குட்டி. தந்தையார் மீன்பிடிப்பவர், கெந்தே என்னும் பட்டைத் துணியை நெய்யவும் வல்லவர். ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, அவற்றை அருகருகே தைத்து ஒரு பெருந்துணியாக்குவது கெந்தே நெசவின் முறை. சகோதரரும் அத்தொழிலை அறிந்திருந்தனர். ஆயினும் இவர் தறியில் அமரவில்லை. தாய்மாமனாகிய கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்து, 1965 முதல் 1969 வரை குமாசி நகரிலே சிற்பக்கலை பயின்றார். அங்கே பாடத்திட்டம் ஐரோப்பியருடையது. வகுப்பு முடிந்ததும் அவர் அந்நகரின் பண்பாட்டு நிலையத்துக்குச் சென்று, நெசவாளரும் மரம் செதுக்குவோரும் முரசு செய்வோரும் தொழில் செய்வதைப் பார்த்திருப்பாராம். கல்லூரி தராததைக் கண்ணாலே கற்றார் என்று சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்தபின் வின்னெபா என்னும் ஊரில் ஆசிரியராய் இருந்தபொழுது செய்தவையே அவருடைய முதற் படைப்புகள். சந்தையிலே பெண்கள் பண்டங்களைப் பரப்பி வைக்கும் வட்ட மரத்தட்டுகளை எடுத்து, அவற்றின் மேல் அடின்க்ரா என்னும் மரபுக் குறியீடுகளைச் சூட்டுக்கோலாற் பொறித்தார். பளிங்கும் வெண்கலமும் தேடி அலையாமல், சந்தையிலே கிடந்த தட்டைச் சிற்பமாக எடுத்துக்கொண்ட அந்த மனப்பாங்கு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

உடைந்த பானையும் இயந்திர வாளும்

1975ஆம் ஆண்டில் அவர் நைஜீரியாவுக்குச் சென்று, என்சுக்காவிலுள்ள சர்வகலாசாலையில் விரிவுரையாளரானார். அப்பிரதேசம் 1967 முதல் 1970 வரை நடந்த பியாப்ரா யுத்தத்தால் சிதைந்திருந்தது. சர்வகலாசாலையும் அந்த அழிவிலிருந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்துகொண்டு அவர் உடைந்த பானைகளைக் கருப்பொருளாகக் கொண்டு களிமண் சிற்பங்கள் செய்து, 1979ஆம் ஆண்டிலே காட்சிக்கு வைத்தார். அவர் பிறந்த சமூகத்திலே பானை உடைந்தால் அதன் பயன் முடிந்துவிடுவதில்லை. ஓடு வேறொரு தொழிலுக்கு ஆகும். வழிபாட்டிடத்திலேகூட அதற்கு இடமுண்டு. யுத்தம் முடிந்த நாட்டிலே அந்தப் பானைகள் எதைப் பேசியிருக்கும் என்பதை ஈழத்து வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கலைஞர் இல்லமொன்றில் தங்கியிருந்த காலத்தில், மரம் அறுக்கும் இயந்திர வாளைக் கையில் எடுத்தார். பலகைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் வாளை ஓடவிட்டுக் கிழித்தார், தீயாற் கருக்கினார். ஆபிரிக்காவை மேசையின்மேல் விரித்துக் கோடு கிழித்துப் பங்கிட்ட ஐரோப்பிய வல்லரசுகளின் செயலை, மரத்தைக் கிழிக்கும் அந்த வாளின் கொடுமையிலே அவர் கண்டார். அப்பலகைகளைக் கண்காட்சி நடத்துவோர் விரும்பியபடி இடம்மாற்றி அடுக்கலாம் என்றும் அனுமதித்தார். பின்னாளிலே உலகம் வியந்த அவருடைய கொள்கையின் முளை இங்கேதான் தோன்றிற்று.

1990ஆம் ஆண்டு அவருடைய கண்காட்சி வாழ்வில் ஒரு திருப்பம். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஸ்ரூடியோ நூதனசாலை ஆபிரிக்காவின் சமகாலக் கலைஞரைத் தொகுத்து ஒரு கண்காட்சி வைத்தது. அவர்களுள் ஐவர் அவ்வாண்டே வெனிஸ் நகரின் சர்வதேசக் கலைக் கண்காட்சிக்குச் சென்றனர், அனற்சுயியும் ஒருவர். அங்கே அவருக்குச் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. 1895ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அக்கண்காட்சியின் மண்டபங்களிலே, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் கலைஞர் நின்றது அதுவரை மிக அரிய செய்தி. கதவு திறந்தது உண்மை; அகலத் திறக்க மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றன.

குப்பையிலிருந்து கிடைத்த செல்வம்

1990களின் இறுதியில், என்சுக்காவின் புறத்தே, யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு பை நிறையப் போத்தல் மூடிகளை அவர் கண்டெடுத்தார். உள்ளூர் வடிசாலைகளின் மதுப்போத்தல்களை மூடிய அலுமினிய மூடிகள் அவை. சில காலம் பட்டறையிலே வாளாவிருந்தன. பின்னர், மூடியைத் தட்டையாக அடித்து, துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தார். தகடு துணியாயிற்று. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளி என மூடிகளின் நிறங்களும் கெந்தேயின் நிறங்களை நினைவூட்டின. தறியிலமராத நெசவாளர் மகன் உலோகத்திலே நெய்யத் தொடங்கினான்.

இந்த மூடியின் வரலாறு சிறிதன்று. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுப் பொருள்களுள் மதுவும் ஒன்று. அதைக் கொடுத்து மனிதரை வாங்கினர். வாங்கிய மனிதரைக் கப்பலேற்றி அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளாக்கினர். அவர்கள் உழைப்பில் விளைந்த கரும்பிலிருந்து சீனியும் றம் என்னும் மதுவும் பிறந்தன. அம்மது மீண்டும் ஆபிரிக்கா வந்தது. மூன்று கண்டங்களையும் ஒரு கொடிய வட்டத்திலே பிணைத்த பொருளின் மூடியையே அவர் கம்பியாற் பிணைக்கின்றார். கண்ணுக்குப் பொன்னாடை, கருத்துக்கு விலங்கு.

தொழில்முறையையும் சொல்லவேண்டும். என்சுக்காப் பட்டறையிலே பல இளைஞர்கள் அமர்ந்து, ஒவ்வொரு மூடியையும் கையாலேயே வெட்டி, மடித்து, முறுக்கி, சிறு சிறு தகட்டுப் பாளங்களாகக் கோக்கின்றனர். மூடியின் மேற்பாகம் வட்டமாகும். கழுத்துப் பாகம் பட்டையாகும். அப்பாளங்களைத் தரையிலே பரப்பி, இடம்மாற்றி, சேர்த்து, பிரித்து, மீண்டும் சேர்ப்பது ஆசிரியர் வேலை. ஒரு பெரும் படைப்பில் பல்லாயிரம் மூடிகள் உண்டு. பலர் கை பட்ட பொருளுக்கு ஒருவர் பெயர் சூட்டப்படுவது முறையோ என்று கேட்கலாம். வெனிஸில் அவர் காட்டிய பெரும் படைப்புகளின் பெயராகிய 'துசாசா' என்ற எவே மொழிச் சொல், ஊரார் கூடி ஒட்டித் தைத்த துணி என்ற பொருளைத் தருவது. தம் பெயரின் பின்னே நிற்கும் கைகளை அவர் மறைக்கவில்லை என்பதற்கு அத்தலைப்பே சாட்சி என்று கொள்கிறேன்.

எந்தச் சுவரிலே தொங்கவேண்டும்?

இவ்வாடைகள் முதலில் இலண்டனில் ஒக்ரோபர் கலைக்கூடத்திலே மக்கள் பார்வைக்கு வந்தன. தொடக்க காலத்து ஆடைகளான 'ஆண் துணி', 'பெண் துணி' ஆகிய இரண்டையும் பிரித்தானிய நூதனசாலை பெற்றுக்கொண்டது. 2003ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லண்டுட்னோ என்னும் கடற்கரைச் சிற்றூர்க் கலைக்கூடமொன்று 'காவு' என்ற பெயரில் ஒரு தொகுப்பை அமைத்தது. அது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் சுற்றிவந்தது. அவரை உலகுக்குக் காட்டிய இக்கண்காட்சி தலைநகரிலே பிறக்காமல் ஒரு சிற்றூரிலே பிறந்தது எனக்கு மகிழ்ச்சி தருகின்றது. என்சுக்காவில் இருந்தவருக்கு லண்டுட்னோ கைகொடுத்தது.

பின்னர் வந்தது 2007ஆம் ஆண்டு வெனிஸ். பழைய கப்பல் தளமாகிய ஆர்சனாலேயின் உள்ளே இரண்டு 'துசாசா'க்கள் தொங்கின. நகரின் வேறொரு மூலையிலே, பலாற்சோ போர்துனி மாளிகையின் முகப்பையே மூடியது மற்றோர் ஆடை. இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் அவருடைய படைப்புகள் இரண்டு உள்ளன. 'வானுக்கும் மண்ணுக்கும் இடையே' என்பது ஆபிரிக்கக் கலைப் பிரிவினருடையது. 'துசாசா'வில் ஒன்று நவீன கலைப் பிரிவினருடையது. ஒரே மனிதர், ஒரே மூடி, ஒரே கம்பி. ஒரே கட்டடத்தில் இரண்டு கதவுகள்! முற்பகுதியில் நான் எழுப்பிய வினாவுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டுமா? அவரோ இவ்விரண்டையும் பற்றிக் கவலையுற்றவராகத் தெரியவில்லை. எந்த அறையிலே வைத்தாலும் அந்த அறையின் பெயர்ப் பலகையைப் பொருந்தாததாக்கிவிடும் ஒரு பொருளை ஆக்கிவிட்டார்.

அதற்குக் காரணம், அவர் ஆடைகளுக்கு முடிந்த உருவம் இல்லாமையே. அவற்றை மடித்துப் பெட்டியில் இட்டு அனுப்புகின்றார். எப்படித் தொங்கவிட வேண்டும் என்று கட்டளை அனுப்புவதில்லை. பெற்றுக்கொண்டவர்களே மடிப்பு வைத்து, சுருக்கி, விரித்து, சுவரிலோ மூலையிலோ தரைவரையோ அமைக்க வேண்டும். இன்று மலையாய் நின்றது நாளை அலையாய் வீழலாம். சிற்பம் என்றால் அசையாது நிற்பது என்ற பழங்கொள்கைக்கு இது நேர்மாறு. கண்காட்சி என்பது முடிந்த படைப்பைக் காட்டும் இடம் என்ற நிலை மாறி, படைப்பு ஒவ்வொரு முறையும் முடிவுபெறும் இடம் என்றாகிவிடுகின்றது. சிலர் இதைக் கலைஞனின் பொறுப்பின்மை என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. கோடு கிழித்து உருவம் விதிப்பவர்களால் துண்டாடப்பட்ட கண்டத்திலிருந்து வந்தவர், தம் படைப்புக்கு உருவம் விதிக்க மறுப்பதிலே ஓர் அறம் இருக்கின்றது.

2010ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் தொடங்கி அமெரிக்கா சென்ற வாழ்நாட் கண்காட்சிக்கு, 'ஆபிரிக்காவைப் பற்றி உமக்கு நான் கடைசியாக எழுதியபொழுது' என்று பெயர். அது 1986ஆம் ஆண்டு மரச்சிற்பம் ஒன்றின் தலைப்பிலிருந்து எடுத்தது. அதனைத் தொடர்ந்து அக்ரனிலும் புறூக்ளினிலும் நடந்த கண்காட்சியிலே 'கிளி' என்ற தொகுதி தொங்கிற்று. இது நம் பறவையன்று. எவே மொழியிலே மதில் என்பது பொருள். பெர்லினிலும் ஜெருசலேமிலும் கண்ட மதில்களோடு, எவே மக்கள் தம் முன்னோர் தப்பி வந்ததாகக் கூறும் நொற்சே நகரத்து மதிலும் அதற்குத் தூண்டுதல். மூடியின் வளையங்களை மட்டும் கோத்த வலையாதலின், மறுபுறம் நிற்பவரை அதனூடே பார்க்கலாம். மதிலை வலையாக்கிவிட்டார்!

2013ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் அக்கடமியின் முகப்பு முழுவதும் அவருடைய ஆடையைப் போர்த்தது. 2015ஆம் ஆண்டில் வெனிஸ் கண்காட்சி அவருக்கு வாழ்நாட் சாதனைக்கான பொற்சிங்கத்தை வழங்கிற்று. 2019ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துக் கலைமாளிகையில் நடந்த பெருங்கண்காட்சியை ஒக்வி என்வேசரும், அனற்சுயியின் மாணவராயிருந்த சிக்கா ஒக்கெக்கே-அகுலுவும் அமைத்தனர். ஜேர்மன் கலையே உயர்ந்தது என்று பறைசாற்ற 1937ஆம் ஆண்டில் நாற்சிகள் திறந்த கட்டடம் அது. அதன் நெடும் முகப்பை ஆபிரிக்கர் ஒருவர் பழைய அச்சுத் தகடுகளால் மூடினார். கண்காட்சி திறந்து சில நாள்களில் என்வேசர் காலமானார்.

2023 ஒக்ரோபர் முதல் 2024 ஏப்ரல் வரை, இலண்டன் டேற் மொடேணின் மாபெரும் இயந்திர மண்டபத்திலே 'செந்நிலவுக்குப் பின்னே' என்ற தொகுதி தொங்கிற்று. முன்னே ஒரு கப்பற்பாய். இடையே காற்றில் மிதக்கும் மனித உருவங்கள், ஓரிடத்தில் நின்று பார்க்க அவை சேர்ந்து பூமி வட்டமாகும். இறுதியிலே தரையில் அலையெனப் புரளும் கரிய மதில். டேற் என்ற பெயர் சீனி வணிகத்தாற் செல்வரான ஹென்றி டேற்றினுடையது. சீனியின் பெயர் தாங்கிய மண்டபத்துக்கு அந்தச் சீனியின் உடன்பிறப்பாகிய மதுவின் மூடிகள் திரும்பி வந்தன. இதனை யாரும் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய் விரித்த கப்பலே சொல்லிற்று.

இன்று அவருடைய ஆடைகள் ஏலங்களிலே பத்து இலட்சம் டொலரையும் கடந்து விலைபோகின்றன. அவற்றுட் பல, அவை பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவிலே தொங்குகின்றன. இது நெஞ்சை உறுத்தும் உண்மை. ஆயினும் அவர் 2011ஆம் ஆண்டுவரை என்சுக்காவை விட்டு அகலாது கற்பித்தார். தலைநகரங்களைத் தேடிக் குடிபோகவில்லை. பின்னாளிலே கானாவின் தேமாத் துறைமுகத்திலும் பட்டறை அமைத்தார். மாணவர் பரம்பரை ஒன்றை அங்கேயே விட்டுச்சென்றார். சிற்றூரிலே இருப்பதால் தன் குரல் உலகின் செவிக்கு எட்டாது என்று சோர்ந்திருக்கும் கலைஞர் எந்த நாட்டிலும் உண்டு. காலடியிலே கிடப்பதை உற்றுப் பார்த்தவனை உலகம் தேடி வரும் என்று நான் உறுதி கூறமாட்டேன், வராமலும் போகலாம். ஆனால், உற்றுப் பாராதவனிடம் அது தேடி வருவதற்கு ஒன்றுமே இல்லை.