கொடுத்தது ஒன்று, பெற்றது ஒன்று

கணிப்பொறி தவறே செய்யாது என்று நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் நம்புகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிவு வரும்வரை நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

வகுப்பில் முதலிடம் யாருக்கு என்று கண்டு சொல்லும் நிரல் ஒன்றை ‘சி’ மொழியில் எழுதும் பொறுப்பைச் சகோதரி எங்களிடம் ஒப்படைத்தார். ஐந்து பாடங்களிலும் சேர்த்து ஒருத்தி 459, மற்றொருத்தி 456. சராசரி 91.8, 91.2. எங்கள் நிரலோ இருவரும் சமம் என்றது. அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர்களும் ஏறிவிட்டன. 456 பெற்றவளே விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வந்து, “சிஸ்டர், நான் முதல் இல்லை. எனக்கு மூணு மார்க் குறைவு” என்றாள். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

தவறு எங்கே? சி மொழியில் ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு செயற்கூறுகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஒரு செயற்கூறு தன் வேலைக்கு வேண்டிய விவரங்களை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும். என்ன வகை விவரம் வரும் என்பதை நாம் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். முழு எண்ணுக்கு ‘இன்ட்’, எழுத்துக்கு ‘கேர்’, தசம எண்ணுக்கு ‘ஃப்ளோட்’ அல்லது ‘டபுள்’. இரு சராசரிகளை ஒப்பிடும் செயற்கூற்றில் நாங்கள் பழக்கதோஷத்தால் ‘இன்ட்’ என்று எழுதிவிட்டோம். முழு ரூபாயை மட்டும் ஏற்கும் உண்டியலில் 91 ரூபாய் 80 காசு போட்டால் சில்லறை வெளியே விழுவதுபோல, .8 என்பதும் .2 என்பதும் வாசலிலேயே விழுந்துவிட்டன. உள்ளே சென்றவை 91, 91. கணக்கில் நாம் செய்வதுபோல 91.8 ஐ 92 ஆக்கும் வழக்கம் சி மொழிக்கு இல்லை, தசமத்தை வெட்டிவிடும். அதைவிட வருத்தம், அது ஒரு வார்த்தைகூட நம்மிடம் சொல்லாது.

இதற்கு எதிர்த்திசையில் போனால் இழப்பில்லை. ‘டபுள்’ கேட்கும் செயற்கூற்றுக்கு 91 என்று கொடுத்தால் அது 91.0 ஆகிவிடும். எழுத்துகளும் உள்ளுக்குள் எண்களே. ஆஸ்கி முறையில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தின் எண் 65. ‘இன்ட்’ கேட்கும் இடத்தில் அந்த எழுத்தைக் கொடுத்தால் 65 என்று கொண்டு வேலையைத் தொடரும்.

இந்த அளவு சரிபார்ப்பே பின்னால் வந்ததுதான். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் இம்மொழியை உருவாக்கினார். அக்காலத்தில், ஒரு செயற்கூறு எந்த வகை விவரங்களை ஏற்கும் என்பதை அழைக்கும் இடத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வழியில்லை. முழு எண்ணைக் கொடுத்துவிட்டால் அதன் பிட்டுகளையே தசம எண்ணாகப் படித்து ஏதோ ஒரு விடை வரும். 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர நிர்ணயம்தான் செயற்கூற்றின் தலைப்பை வகைகளோடு முன்கூட்டி அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இன்னொரு பாடமும் அன்று கற்றோம். வருகைக்காக 2 மதிப்பெண் கூட்டும் செயற்கூறு ஒன்று எழுதியிருந்தோம். எத்தனை முறை இயக்கினாலும் மதிப்பெண் ஏறவே இல்லை! காரணம், சி மொழி எதையும் நகலாகவே அனுப்பும். கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழின் நகலைக் கொடுக்கிறோம். அவர்கள் அதில் என்ன எழுதினாலும் வீட்டிலுள்ள அசல் மாறுமா? அசலையே திருத்த வேண்டுமானால் அது நினைவகத்தில் இருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். கொத்தனாரிடம் வீட்டின் படத்தைக் கொடுக்காமல் விலாசத்தைக் கொடுப்பதுபோல. அப்படி முகவரியை வைத்திருப்பதற்குச் சுட்டி என்று பெயர்.

வரிசைப் பட்டியல் மட்டும் இதில் தனிச்சலுகை பெற்ற பிள்ளை. நாற்பது பேரின் மதிப்பெண்களை ஒரே பட்டியலாகக் கொடுத்தால், போவது நாற்பது எண்கள் அல்ல, முதல் எண்ணின் முகவரி மட்டுமே. ஆகவே செயற்கூறு திருத்தினால் அசலே திருந்தும். ஆனால் மொத்தம் எத்தனை என்பது அதற்குத் தெரியாது. 40 என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாற்பத்தொன்றாவது மாணவியைத் தேடி யாருடையதோ நினைவகத்துக்குள் நுழைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலைப் பெயர், பதிவெண் ஆகியவற்றோடு ஒரு ‘ஸ்ட்ரக்ட்’ கட்டமைப்புக்குள் வைத்து அனுப்பினால் அத்தனையும் நகலாகவே போகும். இது எங்களுக்கு இன்னும் சற்று ஓரவஞ்சனையாகவே படுகிறது.

அச்சிடும் ‘பிரிண்ட்எஃப்’ செயற்கூறோ வருவது எந்த வகை என்று தானாக அறியாது. நாம் எழுதும் சதவீதக் குறியையே நம்பும். முழு எண்ணுக்கான குறியை எழுதிவிட்டுத் தசம எண்ணைக் கொடுத்தால், வரும் விடைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

ஒப்பிடும் செயற்கூற்றில் இரண்டே இடங்களில் ‘இன்ட்’ என்பதை ‘டபுள்’ என்று மாற்றினோம். மதிய உணவு மணிக்கு முன் பலகையில் பெயரும் மாறியது. ஜி.சி.சி. தொகுப்பானில் ‘டபிள்யூ கன்வெர்ஷன்’ என்னும் விருப்பத்தை இட்டால், இப்படித் தசமம் விழும் இடங்களில் எச்சரிக்கை தரும் என்று பிறகு அறிந்தோம். இப்பொழுது அதை இடாமல் எங்கள் வகுப்பில் எந்த நிரலும் இயங்குவதில்லை.