தஞ்சையில் ஒரு பகல்

ஓர் அரச நகரத்தை ஒரே நாளில் பார்த்து முடித்தல் இயலுமா? முழுவதும் பார்த்தல் இயலாது. ஆயின், எதைப் பார்ப்பது என்று முன்னரே தெளிந்து சென்றால் அந்த ஒரு நாளும் வீணாகாது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மில் பலருக்கு ஆண்டிற்கு ஒரு முறையே தமிழ்நாட்டுப் பயணம் வாய்க்கின்றது. திருமணம், குலதெய்வ வழிபாடு, உறவினர் இல்லம் என நாள்கள் கழிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு நாளே. அந்த ஒரு நாளைத் தஞ்சாவூருக்கு அளிக்கலாம் என்பதே நாம் இங்குக் கூற வந்தது.

மும்பைத் தமிழர் தஞ்சையைக் காண்பதில் தனிப் பயன் ஒன்று உண்டு. நாம் மராத்தி வழங்கும் நாட்டில் குடியேறிய தமிழர். தஞ்சையோ, தமிழ் வழங்கும் நாட்டில் மராத்தியர் ஏறத்தாழ 180 ஆண்டுகள் வீற்றிருந்த நகரம். அவர்களுக்கு முன் தெலுங்கு பேசிய நாயக்கர்களும், அவர்களுக்கும் நெடுங்காலம் முன்னர்ச் சோழர்களும் அங்கிருந்து ஆண்டனர். இம்மூன்று மரபினரின் சுவடுகளையும் காலால் நடந்தே ஒரு பகலில் காணலாம்.

சென்னை எழும்பூரிலிருந்து கும்பகோணம் வழியாகச் செல்லும் இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் தஞ்சையை அடையலாம். நீராடி, காப்பி அருந்தி, பொழுது ஏறுமுன் பெரிய கோயிலுக்குச் சென்றுவிடுதல் நலம். வெயில் ஏறியபின் கல் தளத்தில் வெறுங்காலுடன் நடத்தல் அரிது. மேலும், நண்பகலில் சன்னிதி அடைக்கப்பட்டால் மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்பெறும்.

முதலாம் இராசராசன் எழுப்பிய இக்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பதின்மூன்று நிலைகளுடன் ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சிலர் நம்மிடம் கூறுவர். காலையில் சென்றவர்க்கு அந்த ஐயம் எழாது. நிழல் நெடுக நீண்டு கிடப்பதைக் கண்ணாரக் காணலாம். வியக்க வேண்டியது வேறொன்று. காவிரி பாயும் அச்சமவெளியில் மலையே இல்லை. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது.

கல்லைப் போலவே மக்களும் வந்தனர். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையும் தேவியரும் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டுமாறு மன்னன் ஆணையிட்டான். ஆடலுக்கெனப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கு உள்ளன. ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதும் உண்டு. ஒரு பங்கிற்கு ஆண்டிற்கு நூறு கலம் நெல் வழங்கப்பட்டது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவரின் பெயரையும் வீட்டையும் ஓர் அரசு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் பதித்து வைத்தது என்பது, குடியேறி வாழும் நமக்குச் சிறிய செய்தியன்று.

வெளியே வரும்போது நந்தியைக் காண்கின்றோம். ஒரே கல்லாலான இப்பெரிய நந்தி சோழர் காலத்ததன்று, நாயக்கர் காலத்தது. கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரு மரபின் மேல் மற்றொரு மரபு படிந்திருப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பத்து மணியளவில் அரண்மனைக்குப் புறப்படலாம். நாயக்கர் தொடங்கி மராத்தியர் விரிவாக்கிய மாளிகை இது. இங்குள்ள கலைக்கூடம் 1951-இல் அமைந்தது. நேரம் குறைவாயின் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனியாகிய ரிஷபவாகன தேவர் முன் மட்டுமேனும் நின்று வருதல் வேண்டும். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்திருமேனியில் இறைவன் எருதின்மேல் சாய்ந்து நிற்கும் பாவனை உள்ளது, எருதோ அங்கில்லை. கை நிற்கும் நிலையைக் கொண்டே நம் மனம் எருதை அமைத்துக் கொள்கின்றது.

அடுத்து சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் வேர்கொண்ட இதனை வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். சிவாஜியின் தம்பி முறையினரான ஏகோஜி நிறுவிய மரபில் 1798-இல் அரியணை ஏறியவர் அவர். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. கோட்டையும் அரச மரியாதையுமே அவருக்கு எஞ்சின. நாடிழந்த அம்மன்னர் 1832-இல் மறையும் வரை ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். வடமொழி, தமிழ், மராத்தி, தெலுங்கு எனப் பல மொழிகளில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இங்குக் காக்கப்படுகின்றன. கண் நோயாளர்களின் நோய்க்குறிப்புகளையும் படங்களுடன் எழுதச் செய்தார். அரசு மறைந்தது, நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்க்குரிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

நண்பகல் உணவுக்கும் சிறிது ஓய்வுக்கும் பின், கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் கட்டப்பெற்ற சிறிய கிறித்தவ ஆலயத்தைக் காணலாம். சரபோஜிக்குக் கல்வி புகட்டிய ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்கும் காட்சி, ஃப்ளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியின் உளியால் சலவைக்கல்லில் அங்கு அமைந்துள்ளது. அதைச் செய்வித்தவர் சரபோஜியே. மராத்திய மாணவர், ஜெர்மானிய ஆசிரியர், தமிழ் மண்.

மாலையில் மீண்டும் பெரிய கோயிலுக்கே வருகின்றோம். காலையில் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒன்று உண்டு. திருச்சுற்றின் தென்மேற்குப் பகுதிச் சுவரில் போன்சலே மரபின் வரலாறு மராத்தி மொழியில் 1803-இல் பொறிக்கப்பட்டுள்ளது. இராசராசனின் தமிழைக் கலைத்துவிட்டு அதன்மேல் எழுதவில்லை; வேறு சுவரில் தம் வரலாற்றை எழுதினர்.

அச்சுவரின்முன் நம் குடும்பங்களில் ஒரு புதுமை நிகழும். பாட்டனார் விமானத்தின் தமிழ் எழுத்துகளைக் கூட்ட முயல்வார். மும்பைப் பள்ளியில் மராத்தி பயின்ற பேரக் குழந்தை இச்சுவரில் ஒரு பெயரையேனும் உரக்கப் படித்துக் காட்டும். தென்னாட்டார் அயலார் என்ற முழக்கம் 1960-களின் பிற்பகுதியில் நம் நகரில் எழுந்ததை நேரில் கண்ட மூத்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். தஞ்சையில் மராத்தி அரசு 1855-இல் முடிவுற்றது. ஆயினும் அங்கு மராத்தி பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்களை அயலார் என்று அவ்வூரார் எண்ணுவதில்லை. வந்தவர் அவ்வூருக்கு என்ன கொடுத்தனர் என்பதற்கு நூலகமே சான்று. 1932-இல் மாதுங்காவில் பள்ளி தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தாரும் தாம் குடியேறிய ஊருக்கு அத்தகையதொன்றையே அளித்தனர்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் புல்வெளியில் சிறிது அமர்ந்திருந்து, பின் இரவு ரயிலுக்குப் புறப்படலாம். ஒரு பகலில் இவ்வளவு போதும்.