ஹம்பியை வரைய உட்கார்ந்தால்

ஹம்பிக்கு நோட்டும் பென்சிலுமாகப் போகிறவர்கள் விட்டலர் கோயில் கல் தேரின் முன்னால்தான் முதலில் உட்காருவார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். கட்டட வரைபடம் போட்டே பழகிய கண் எனக்கு. எது எதைத் தாங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கும். தேரின் முன்னால் இரண்டு யானைகள் நிற்கின்றன. தேருக்குப் பொருந்தாத சிறிய உருவங்கள். யானைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் குதிரைகளின் பின்னங்கால்கள் மிஞ்சியிருக்கின்றன. முதலில் இருந்தவை குதிரைகள். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் தேருக்கு மேலே செங்கல் விமானமும் இருக்கிறது. இன்று அது இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு வரைவது வேறு, தெரியாமல் வரைவது வேறு. ஹம்பியைத் தலைநகராகக் கொண்ட விஜயநகரத்தார் கோபுரத்தின் அடியைக் கருங்கல்லிலும் மேல்நிலைகளைச் செங்கல், சுண்ணாம்பிலும் எழுப்பினார்கள். அரண்மனைகளில் மரமும் உண்டு. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டது. மரம் எரிந்தது, செங்கல் மழையிலும் வேரிலும் பிளந்தது, கல் நிலைத்தது. அரண்மனைப் பகுதியிலுள்ள மகாநவமி மேடையில் ஏறிப் பார்த்தால் சுற்றிலும் வெறும் அடித்தளங்கள்தான். ஆகவே கல்லின் ஓரத்துக்கு அழுத்தமான கோடு, செங்கல்லின் ஓரத்துக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. இல்லாததை நிமிர்த்தி வரையக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அங்கே இருக்கும்போது வண்ணத்தைத் தொடாதீர்கள். நிழலின் எல்லையை முதலில் குறித்து, பக்கத்திலேயே மணியை எழுதுங்கள். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். செல்போன் படத்தைச் சிற்ப நுணுக்கத்துக்கு மட்டும் நம்பலாம். அது அருகிலுள்ளதைப் பெருக்கி, பின்னாலுள்ள குன்றைச் சுருக்கிவிடும். ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இந்தியாவில் வரைந்து சேர்த்தவற்றில் பெரும்பகுதியை லண்டன் திரும்பிய பிறகே பெரிய அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். நிதானமாக வண்ணம் தீட்ட வீடுதான் இடம்.

வீட்டில் நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் சொரசொரப்புத் தாள் எடுங்கள். கருங்கல்லுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் தண்ணீர் தாராளமாக விட்டுக் கலந்தால், நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கும். கல்லின் புள்ளிகள் தாமாகவே வந்துவிடும். வெயில் படும் இடம் தாளின் வெள்ளைதான்.

பாறைகளைப் பின்னணியாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சில பாறைகளில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளக்கக் கல்தச்சர்கள் போட்டவை அவை. பிளக்காமல் விட்ட பாறைகளிலும் பார்க்கலாம். குழிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.