முதலில் பட்டாளம், பிறகு பட்டப் படிப்பு!

சிங்கப்பூர் வாலிபர்களின் இரண்டு ஆண்டுகள்

பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டால் அடுத்தது என்ன? "காலேஜ்தான்" என்போம். சிங்கப்பூரில் ஆண் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பல்கலைக் கழக வாசலை மிதிக்கும் முன்பு, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போகவேண்டும். பணக்காரர் மகன், ஏழை மகன் என்ற பேதம் சட்டத்தில் கிடையாது. அங்கே குடியுரிமை பெற்று வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

ஏன் வந்தது இந்தச் சட்டம்?

1965 ஆகஸ்டு 9-ந் தேதி சிங்கப்பூர் தனி நாடு ஆயிற்று. அப்போது அதனிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். பெரிய சம்பளப் பட்டாளம் வைத்துக்கொள்ளச் சின்ன நாட்டுக்குக் கட்டுமா? ஆகவே 1967 மார்ச்சு மாதம் கட்டாய தேசிய சேவைச் சட்டம் நிறைவேறியது. முதல் தடவை பதிவு செய்துகொள்ள அழைக்கப்பட்டவர்கள் சுமார் 9,000 வாலிபர்கள்.

தீவில் பயிற்சி

இப்போது சேவைக் காலம் இரண்டு ஆண்டு. ஜூனியர் காலேஜ் அல்லது பாலிடெக்னிக் முடித்ததும் அழைப்பு வரும். ராணுவத்துக்குத் தேர்வானவர்களில் பெரும்பாலோர் படகு ஏறித் தெக்கோங் தீவுக்குப் போகிறார்கள். முதல் நாள் பெற்றோரும் கூடப் போகலாம். மகன் படுக்கும் இடத்தைப் பார்க்கலாம். அவனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதன் பிறகு தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்! துப்பாக்கி, ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் அங்கே பழகவேண்டும். பயிற்சி முடிவில் மூட்டை சுமந்து 24 கிலோ மீட்டர் நடக்கவேண்டும். சிலர் ராணுவத்துக்குப் பதிலாகப் போலீசிலோ, தீயணைப்புப் படையிலோ சேர்க்கப்படுகிறார்கள்.

படிப்பு என்ன ஆகும்?

பயம் வேண்டியதில்லை. பல்கலைக் கழகத்தில் கிடைத்த இடம், சேவை முடியும் வரை காத்திருக்கும். டாக்டர் படிப்புக்குப் போகிறவர்கள், தொடக்கப் பயிற்சி முடிந்ததும் இடையில் படிக்கப் போகலாம். டாக்டர் ஆனபின் மீதிச் சேவையைச் செய்யவேண்டும்.

ஆனால் மனக்குறை இல்லாமல் இல்லை. கூடப் படித்த பெண், இவன் முதல் ஆண்டு வகுப்பில் நுழையும்போது மூன்றாம் ஆண்டில் இருப்பாள். வேலைக்கும் அவளே முந்துவாள். இரண்டு வருஷம் தொடாத கணக்குப் பாடத்தை இவன் மறுபடி தூசி தட்டவேண்டும்.

பியானோ மேதையின் வழக்கு

"படிப்புக்காக வெளிநாட்டில் இருந்துவிட்டால்?" என்று கேட்கலாம். மெல்வின் டான் என்ற பியானோ கலைஞர் சிறுவயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். சேவைக்குத் திரும்பவில்லை. பெரும் புகழ் பெற்றார். 2005-ல் சிங்கப்பூர் கோர்ட்டு அவருக்கு 3,000 டாலர் அபராதம் விதித்தது. "எங்கள் பிள்ளைகள் இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்தார்கள், இவருக்கு இவ்வளவுதானா?" என்று பெற்றோர் பலர் கொதித்தார்கள். அதன் பின் சட்டம் கடுமையாயிற்று. இப்போது 10,000 டாலர் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

இரண்டு ஆண்டோடு முடிவதும் இல்லை. படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் மறுபயிற்சிக்கு அழைப்பு வரும். சாதாரணச் சிப்பாய்க்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வயது வரை கடமை உண்டு.

பிள்ளைக்கு மேல்படிப்பு பற்றிக் கனவு காணும் சிங்கப்பூர்த் தாய் தகப்பன்மார், இந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள்.