எதிர்ப்பொருள் எங்கே போனது?

எங்கள் மேல்மலையனூர் பக்கத்தில் மல்லாட்டை எடை போடும்போது தராசில் சந்தேகம் வந்தால், பெரியவர்கள் தட்டுகளில் உள்ளதை மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். தராசு நேர்மையானது என்றால் முள் நடுவிலேயே நிற்கும். கோணல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இயற்பியலாளர்கள் பிரபஞ்சத்தையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு. எடை ஒன்றுதான், மின்னூட்டம் மட்டும் நேரெதிர். எலக்ட்ரானுக்கு பாசிட்ரான். இரண்டும் சந்தித்தால் அழிந்து ஆற்றலாகிவிடும். மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் இயங்குகிறது.

ஆதியில் இரண்டும் சமமாகவே உருவாகியிருக்க வேண்டும் என்பது அறிவியலாளர்களின் கருத்து. சமமாகவே இருந்திருந்தால் எல்லாம் அழிந்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆனால் சுமார் 100 கோடி ஜோடிகள் அழிந்தபோது ஒரு பொருள் துகள் தப்பியது. சூரியனும் பூமியும் நாமும் அந்த மிச்சம்தான். அது ஏன் மிஞ்சியது?

இயற்கை விதிகள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்பதற்கான முதல் சான்று 1964இல் அமெரிக்காவில் கிடைத்தது. நெடுநேரம் வாழும் நடுநிலைக் கேயான், இரண்டு பயான்களாக ஒருபோதும் சிதையக் கூடாது என்று நம்பியிருந்தார்கள். ஏறத்தாழ 500 சிதைவுகளுக்கு ஒன்று அப்படிச் சிதைந்தது. கண்டறிந்த குரோனினும் ஃபிட்சும் 1980இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பி மேசான் என்ற துகளிலும் இந்தக் கோணல் இருப்பதை 2001இல் ஜப்பானின் பெல் ஆய்வும் அமெரிக்காவின் பாபர் ஆய்வும் உறுதி செய்தன. பெல்லின் தொடர்ச்சியான பெல் 2 ஆய்வில் நம் சென்னை ஐஐடியும் பங்கேற்கிறது. அதன் உணர்கருவியில் ஓர் அடுக்கைச் செய்து கொடுத்தது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்.

சென்னைக் குழுவினர் ஆராயும் சிதைவுகளில் ஒன்று, மின்னூட்டம் கொண்ட பி மேசான் டி மேசானாகவும் கேயானாகவும் பிரிவது. 10,000 முறை சிதைந்தால் மூன்று நான்கு முறைதான் இது நிகழும். பி மேசானிலும் அதன் எதிர்த்துகளிலும் அதை எண்ணி ஒப்பிடுகிறார்கள். தட்டு மாற்றி எடை பார்ப்பது போலத்தான்.

2025இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம், புரோட்டான் இனத்தைச் சேர்ந்த பேரியான் துகளிலும் சுமார் 2.5 விழுக்காடு வேறுபாட்டைக் கண்டது. ஆனாலும் இதுவரை அறிந்த கோணல் எல்லாம் சேர்ந்தும், நாம் மிஞ்சிய கணக்குக்குப் போதவில்லை. விடை இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆகவே, "இயற்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டு நம் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். நாம் ஏன் இருக்கிறோம் என்ற கேள்விக்கான கணக்கு சென்னையிலேயே நடக்கிறது. அதில் உட்கார நம் வீட்டுப் பிள்ளைக்கும் இடம் உண்டு.